நாற்காலி குறையட்டும், ஆள் குறைய வேண்டாம்

(நமது மருத்துவமனையைத் தாங்கும் குடும்பங்களின் கூடுகையில், குழந்தைகள் வார்டின் மூத்த செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத பங்காளர்களும் வாசித்துப் பயனடையும்படி இங்கே தரப்படுகிறது.)



கிறிஸ்மஸ் நாளில் குடும்பமாக விளையாடக்கூடிய விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்காரியிடம் போய் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு விளையாட்டு புதிதல்ல. ஊசியைக் கண்டு அலறும் பிள்ளையிடம் முதலில் பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டுகிறோம். மூச்சை இழுத்து விடப் பழக்குவதற்கு நீர்க்குமிழி ஊதச் சொல்கிறோம். பிள்ளை விளையாடுகிறது என்று நினைக்கிறது. நாங்கள் வைத்தியம் பார்க்கிறோம். ஆகவே எனக்குத் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பண்டிகை நாள் நம் வீடுகளில் எப்படிக் கழிகிறது என்று சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே முறுக்கும் அதிரசமும் சுட ஆரம்பிக்கிறோம். வாசலில் நட்சத்திரம் கட்டுகிறோம். மூலையில் குடில் வைக்கிறோம். பண்டிகையன்று விடியுமுன் எழுந்து, புத்தாடை உடுத்தி, ஆராதனைக்கு ஓடுகிறோம். வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுத்தனுப்புகிறோம். மத்தியானம் பிரியாணி. இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு? ஐயா சாப்பிட்ட களைப்பில் படுத்துவிடுகிறார். வாலிபப் பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலையில். சிறு பிள்ளைகள் டி.வி. முன்னால். பாட்டி பின்கட்டில் கட்டிலில் தனியே. வீட்டு அம்மாவோ, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர், இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம், ஆனால் சேர்ந்து இல்லை. பிற்பகல் மூன்று மணி முதல் விளக்கு ஏற்றும் வேளை வரையிலான அந்த நேரத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

வேதத்தில் விளையாட்டு

"ஜெபிக்க வேண்டிய நாளில் விளையாட்டு எதற்கு?" என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு இடங்களை நினைப்பூட்ட விரும்புகிறேன்.

ஒன்று, சகரியா 8-ஆம் அதிகாரம், 4, 5 வசனங்கள். பாபிலோன் சிறையிருப்புக்குப் பின், பாழாய்க் கிடந்த எருசலேமைப் பற்றித் தீர்க்கதரிசி பேசுகிறார். அந்த நகரம் மறுபடி நன்றாயிருக்கும் நாளுக்கு அவர் காட்டும் அடையாளம் என்ன? உயர்ந்த மதில் அல்ல, பெரிய படை அல்ல. வயது முதிர்ந்த கிழவரும் கிழவிகளும் கையில் கோலை ஊன்றியபடி வீதிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அதே வீதிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடுவார்கள். முதியவர் ஒரு வீதியிலும் பிள்ளைகள் வேறொரு வீதியிலும் அல்ல. இருவரும் ஒரே இடத்தில்.

இன்னொன்று, மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரே சொன்னது. சந்தைவெளியில் பிள்ளைகள் கலியாண விளையாட்டும் இழவு விளையாட்டும் விளையாடுகிறார்கள். கூட வந்து சேராத பிள்ளைகளைப் பார்த்துக் குறை சொல்கிறார்கள். அதை ஓர் உவமையாக எடுத்துப் பேசுகிறார். நாசரேத்தின் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுவதை நின்று கவனித்தவரால்தானே அப்படிச் சொல்ல முடியும்? பிள்ளைகளின் விளையாட்டு அவர் கண்ணுக்கு அற்பமாகப் படவில்லை.

ஒரே ஒரு விதி

விளையாட்டுகளைச் சொல்லுமுன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போதும். நம் வீட்டில் யாருக்கு விளையாடுவது மிகவும் கடினமோ, அவரை மனதில் வைத்து விளையாட்டைத் தெரிந்தெடுங்கள்.

வழக்கமாக நாம் செய்வது இதற்கு நேர்மாறு. பலமுள்ளவர்களுக்கு ஏற்ற விளையாட்டை எடுத்துக்கொண்டு, "தாத்தா, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்" என்கிறோம். சபைகளில் பண்டிகைக் காலத்தில் நடக்கும் இசை நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு நின்றதும் ஓடி உட்கார வேண்டும். முதல் சுற்றிலேயே வெளியேறுவது யார்? காலைச் சாய்த்து நடக்கிற பிள்ளை. அடுத்தது, இழைப்பு நோய் உள்ள பிள்ளை. பிறகு அரைமணி நேரம் சுவரோரம் நின்று, பலசாலிகள் இருவர் ஒரு நாற்காலிக்காக மோதுவதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும்.

இதே விளையாட்டை எங்கள் வார்டில் வேறு விதமாக ஆடுகிறோம். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு நாற்காலியை எடுத்துவிடுவோம். ஆட்களில் ஒருவரையும் எடுப்பதில்லை. மீதியிருக்கும் நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும். மடியில் உட்காரலாம், ஒரே நாற்காலியில் இருவர் ஒட்டி உட்காரலாம், ஒரு கால் தரையில் படாமல் இருந்தால் போதும். கடைசியில் பத்துப் பேருக்கு மூன்று நாற்காலி மிஞ்சும்போது ஒரே சிரிப்பு. ஒருவர் விழுந்தால் எல்லாரும் தோற்றார்கள். எல்லாரும் தங்கினால் எல்லாரும் வென்றார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு இங்கே தனி மதிப்பு. அவன் நாற்காலியை யாரும் எடுக்க முடியாதே! வீட்டில் செய்வதானால் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் வளைந்து முறியும். உறுதியான மர நாற்காலி அல்லது பெஞ்சு போடுங்கள். இடமில்லையென்றால் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, ஒவ்வொன்றாய் மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே வரலாம்.

நாற்காலி குறையட்டும், ஆள் குறைய வேண்டாம். இனி நான் சொல்லப்போகும் விளையாட்டுகள் எல்லாம் இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

"இடம் உண்டா?"

மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'லாஸ் போசாதாஸ்' என்ற வழக்கம் உண்டு. சத்திரங்கள் என்று அதற்குப் பொருள். யோசேப்பும் மரியாளுமாக வேடமிட்ட இருவரை முன்னிட்டு, ஜனங்கள் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய் இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் முதலில் மறுப்பார்கள். கடைசியில் ஒரு வீட்டில் கதவு திறக்கும். எல்லாரும் உள்ளே போய் ஜெபித்து, சாப்பிட்டு, விளையாடி மகிழ்வார்கள்.

இதை நம் வீட்டுக்குள்ளேயே செய்யலாம். சின்னவர்கள் இருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டட்டும். "இடம் உண்டா?" என்று கேட்கட்டும். சமையலறையில் இருப்பவர் வேடிக்கையாக ஒரு சாக்குச் சொல்லி மறுக்க வேண்டும்: "இங்கே பாத்திரமே நிறைந்து கிடக்கிறது!" முன்னறையில் மாமா, "இங்கே நான் தூங்குகிறேன்!" என்பார். சாக்கு எவ்வளவு விநோதமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடைசிக் கதவு தாத்தா அல்லது பாட்டியுடையதாக இருக்கட்டும். அவர் மட்டும், "வாருங்கள், இடம் உண்டு" என்று சொல்லட்டும். எல்லாரும் அந்த அறைக்குள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுங்கள். வருஷம் முழுவதும் யாரும் நுழையாத அந்த அறை ஒரு மணி நேரம் வீட்டின் நடு இடமாகிவிடும். எழுந்து வர முடியாத ஒருவரிடம் வீடே எழுந்து போவதுதான் இதிலுள்ள நன்மை.

குடில் தேடுதல்

குடில் வைக்கும் வழக்கத்தைப் பேசும்போது அசிசி பிரான்சிஸை நினைவுகூருவார்கள். 1223-இல் இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற ஊரில், ஒரு குகையில், முன்னணையில் வைக்கோல் இட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிராமத்து ஜனங்களை வரவழைத்தார். மெழுகுவர்த்தியும் தீவட்டியும் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஜனங்கள் வந்தார்கள். இன்று நாம் குடிலை மூலையில் வைத்து, "தொடாதே, உடைந்துவிடும்" என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். கிரேச்சோவின் குடில் ஊரே வந்து சூழ்ந்து நின்ற குடில்.

குடில் பொம்மைகளை, உடையாதவையாகப் பார்த்து, வீடெங்கும் ஒளித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துப்புச் சீட்டு. துப்பில் ஒரு வேத வசனத்தின் எண் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் ஓடித் தேடுவார்கள். ஆனால் வேதாகமம் பெரியவர் ஒருவர் மடியில்தான் இருக்க வேண்டும். அவர் வாசித்துச் சொன்னால்தான் அடுத்த இடம் தெரியும். லூக்கா 2:7-இல் முன்னணை வருகிறதா, மாட்டுக்குத் தீனி வைக்கும் இடத்தையோ தானியம் வைக்கும் மூலையையோ தேட வேண்டும். கால் உள்ளவர்களுக்கு வாய் வேண்டும், வாய் உள்ளவருக்குக் கால் வேண்டும். பெரியவருக்குப் பார்வை மங்கியிருந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க, அவர் யோசித்து இடத்தைச் சொல்லட்டும். சாஸ்திரிகளின் பொம்மைகளை மட்டும் அன்று குடிலில் வைக்காமல், தூரத்து ஜன்னலில் வைத்து, தினம் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலில் சேர்க்கலாம். பண்டிகை ஒரே நாளில் முடிந்துவிட்டதே என்று முகம் வாடும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

வேதத்தில் உண்டா, இல்லையா?

இது படுத்திருப்பவரும் ஆடக்கூடிய விளையாட்டு. ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர்கள் "உண்டு" என்றால் கையை உயர்த்த வேண்டும். கையை உயர்த்த முடியாதவர் கண்ணைச் சிமிட்டினால் போதும். இப்போதே உங்களைச் சோதிக்கிறேன், பாருங்கள்.

சாஸ்திரிகள் மூன்று பேர் என்று வேதத்தில் உண்டா? இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று. வந்தவர்களின் தொகையை மத்தேயு சொல்லவில்லை. மரியாள் கழுதைமேல் ஏறிப் பெத்லகேமுக்குப் போனதாக உண்டா? இல்லை. கதவைச் சாத்திய சத்திரக்காரன்? சத்திரத்தில் இடமில்லை என்றுதான் லூக்கா எழுதுகிறார்; சத்திரக்காரன் என்று ஒருவரும் வரவில்லை. சாஸ்திரிகள் வந்து பணிந்தது மாட்டுத்தொழுவத்திலா? மத்தேயு 2:11 வீடு என்கிறது. டிசம்பர் 25 என்று தேதி உண்டா? இல்லை. யோசேப்பு பேசிய ஒரு வார்த்தையாவது சுவிசேஷங்களில் உண்டா? ஒன்றுகூட இல்லை. சொன்னபடி செய்தார், அவ்வளவுதான். சிமியோன் கிழவர் என்று எழுதியிருக்கிறதா? அதுவும் இல்லை, அவர் வயது சொல்லப்படவில்லை. ஆனால் அன்னாள் மிகவும் வயது சென்றவள் என்று உண்டு. எண்பத்துநான்கு என்ற எண்ணும் உண்டு.

இதோ, சபையில் நாற்பது வருஷம் நாடகம் போட்டவர்களே தடுமாறுகிறீர்கள்! பெரியவரும் சிறியவரும் சமமாகத் தோற்பதுதான் இந்த விளையாட்டின் சுவை. ஒன்றைக் கவனித்தீர்களா? பிறப்பின் சம்பவத்தில் எலிசபெத்து, சகரியா, அன்னாள் என்று எத்தனை முதியவர்கள்! ஒரு குழந்தையைச் சுற்றி அவர்கள் நிற்கிறார்கள். முதியவரை ஒதுக்கிவிட்டுக் கொண்டாடினால் அந்தச் சம்பவத்தில் பாதியை வெட்டியெறிந்ததற்குச் சமம்.

மூக்கும் கையும்

கண் தெரியாத ஒருவர் வீட்டில் இருந்தால், எல்லாருடைய கண்ணையும் கட்டிவிடுங்கள். ஏலக்காய், சுக்கு, கிராம்பு, காப்பித்தூள், வேப்பிலை, புதுப் புத்தகத்தின் தாள் இவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டி, என்னவென்று சொல்லச் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் கிடைக்கும். சாஸ்திரிகள் கொண்டுவந்த காணிக்கைகளில் இரண்டின் வாசனையைப் பிள்ளைகள் தங்கள் மூக்காலேயே அறிந்துகொள்வார்கள். இரண்டும் மரத்திலிருந்து வடியும் பிசின். வெறுமனே முகர்ந்தால் போதும். புகை போட வேண்டாம், இழைப்புக்காரர்களுக்கு ஆகாது. வாயில் போடவும் கூடாது.

அதேபோல, ஒரு பைக்குள் பம்பரம், சீப்பு, பாக்குவெட்டி உறை, பூட்டு, தேங்காய் ஓடு என்று போட்டு, கையை விட்டுத் தொட்டுச் சொல்லும் விளையாட்டும் உண்டு. கூர்மையானவை வேண்டாம். இந்த இரண்டிலும் பார்வையில்லாதவர் மற்றவர்களை எளிதாக ஜெயித்துவிடுவார். வருஷத்தில் ஒருநாளாவது அவரிடம் நாம் தோற்பது நமக்கும் நல்லது.

காது கேளாத பிள்ளையோ, காது மந்தமான பெரியவரோ இருந்தால், ஒருவர் காதில் ஒருவர் ரகசியமாகச் சொல்லி அனுப்பும் விளையாட்டை எடுக்காதீர்கள். அவர்கள் கூசிப்போவார்கள். அதற்குப் பதிலாக ஊமை நாடகம். வாய் திறக்காமல் ஒரு வேத சம்பவத்தை நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கையசைவால் பேசிப் பழகிய பிள்ளை அங்கே உங்கள் எல்லாருக்கும் வாத்தியார்.

புளியங்கொட்டையும் பழைய கீர்த்தனையும்

நம் முன்னோர் விட்டுப்போன விளையாட்டுகளை மறந்துவிடாதீர்கள். பல்லாங்குழிப் பலகை பரணில் கிடந்தால் இறக்குங்கள். பதினான்கு குழி, ஒரு கை நிறையச் சோழி அல்லது புளியங்கொட்டை. பக்கவாதம் வந்து கை சற்றுத் தேறிவரும் ஒருவருக்கு விரலால் எடுக்கவும் போடவும் நாங்கள் கற்றுக்கொடுக்கும் பயிற்சியும் இதைப் போன்றதுதான். "பயிற்சி செய்யுங்கள்" என்றால் சலித்துக்கொள்கிறவர், பேரனோடு ஆட உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் ஆடுவார். கொட்டை நழுவினால் பெரிய சோழிகளாக மாற்றுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், அவர் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

பரமபதம் தெரியும் அல்லவா? பாம்பும் ஏணியும். ஒரு பெரிய அட்டையில் நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரைக்கும் பிள்ளைகளே கட்டம் போட்டு வரையட்டும். நடந்து போக 120 கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம், பல நாள் பயணம். "மழையில் நனைந்தீர்கள், ஒரு முறை சும்மா இருங்கள்", "வழிப்போக்கர் அப்பம் கொடுத்தார், மூன்று கட்டம் ஏறுங்கள்" என்று அவர்களே எழுதட்டும். விலை கொடுத்து வாங்கும் விளையாட்டைவிட, தாங்களே செய்த அட்டையைப் பிள்ளைகள் பல வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பாட்டுச் சங்கிலியும் ஆடுங்கள். ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நிபந்தனை: மூன்றில் ஒரு பாட்டாவது பழைய கீர்த்தனையாக இருக்க வேண்டும். அப்போதுதான் வாலிபர்கள் பாட்டியிடம் உதவிக்கு வருவார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடிவைத்தவை எத்தனை! பெத்லகேமுக்கே ஒரு குறவஞ்சி எழுதியவர் அவர். ஞாபக மறதி நோய் வந்த பெரியவர் வீட்டில் இருந்தால், "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அவரைச் சோதிக்கும் விளையாட்டை மட்டும் ஆடவே ஆடாதீர்கள். அது அவருக்கு அவமானம். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சிறுவயதில் பாடிய பாட்டை மெதுவாக ஆரம்பியுங்கள். நேற்றைய சாப்பாடு மறந்தவர்களுக்கும் அந்தக் காலத்துப் பாட்டு பல நேரம் வரி மாறாமல் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கிற பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் செல்போன் உதவட்டும். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, கேள்வி கேட்கும் வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். "சாப்பிட்டாயா, உடம்பு எப்படி" என்பதோடு முடிந்துபோகும் பேச்சு ஒரு மணி நேரம் நீளும்.

அடுப்படியில் நிற்பவர்

அன்பானவர்களே, யாருக்கு விளையாடுவது மிகவும் கடினம் என்று கேட்டேனே, பல வீடுகளில் அதற்குப் பதில் நோயாளியோ முதியவரோ அல்ல. அடுப்படியில் நிற்கிற அம்மா, மருமகள், அக்கா. எல்லாரும் சிரிக்கும் சத்தம் அவர்களுக்குச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறது. ஆகவே ஆண்களுக்கும் வாலிபருக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பாடு முடிந்ததும் முதல் விளையாட்டு பாத்திரம் கழுவுவதாக இருக்கட்டும். இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி கழுவ, ஓர் அணி துடைத்து அடுக்க, அம்மா நடுவராக நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதட்டும். அவர் கை காய்ந்த பிறகுதான் அடுத்த ஆட்டம்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்மஸ் கதையை உங்களில் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் வரும் கஞ்சக் கிழவர், தன் தங்கை மகன் வீட்டில் கிறிஸ்மஸ் விளையாட்டு நடப்பதை யாருக்கும் தெரியாமல் நின்று பார்க்கிறார். யார் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து விடையைச் சத்தமாகச் சொல்கிறார், இன்னும் சற்று நேரம் இருக்கட்டுமே என்று கெஞ்சுகிறார். கல்லான அவர் மனது இளகும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் வீட்டுச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்பவர் யார்? வயதான வேலைக்கார அம்மாவா? பக்கத்து வீட்டில் தனியாயிருக்கும் ஐயாவா? ஊருக்குப் போக லீவு கிடைக்காத விடுதிப் பிள்ளையா? விருந்து செய்யும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைக்கும்படி லூக்கா 14-இல் ஆண்டவர் சொன்னாரே, அது விளையாட்டுக்கும் பொருந்தும்.

முதல் கிறிஸ்மஸ் வெறுமையாகும் வீடு

அந்த வருஷம் மரணம் நேர்ந்த வீடுகளில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அந்த வீட்டாரை விளையாடக் கூப்பிடுவது சரியா என்று தயங்குவோம். பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டானால், இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளை ஒரு நேரம் அழும், மறுநேரம் விளையாடும். "அப்பா போனாரே, இப்படிச் சிரிக்கிறாயே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வார்டில் தம்பியை இழந்த அண்ணன்மாரைப் பார்த்திருக்கிறேன். பம்பரத்தைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், பெரியவர்களிடம் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள். பிள்ளைக்கு விளையாட்டே பேச்சு. கூட உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்.

செவிலியராகச் சில எச்சரிப்புகள்

விளையாட்டு ஆஸ்பத்திரியில் முடியக் கூடாது. அதனால் சுருக்கமாகச் சில வார்த்தைகள்.

பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் பொம்மை, சிறு விளக்கு இவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திராமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் சிறு பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது, தொண்டையை அடைத்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலை, கெட்டி மிட்டாய் கொடுத்து ஓடவிடாதீர்கள். புளியங்கொட்டையும் சோழியும் அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். கிறிஸ்மஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடியும் சிறுமிகளின் நைலான் கவுனும் மெழுகுவர்த்திக்கு அருகே போக வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆடும்போது பரிசு எல்லாம் இனிப்பாக இராமல், ஆரஞ்சுப் பழம், பேனா, கைக்குட்டை என்று வையுங்கள்.

முடிவாக

விடுதிகளிலும் நர்சிங் பள்ளிகளிலும் டிசம்பர் மாதத்தில் சீட்டு எடுத்து, யாருடைய பெயர் வந்ததோ அவருக்கு ரகசியமாக நன்மை செய்யும் வழக்கம் உண்டு. 'கிறிஸ் சைல்ட்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். இன்றைக்கே வீட்டில் சீட்டு எழுதுங்கள். பணச் செலவு கூடாது என்று விதி வையுங்கள். தலையணை உறை மாற்றுவது, செருப்பைத் துடைத்து வைப்பது, மாத்திரை நேரத்தை நினைப்பூட்டுவது, ஒரு வசனத்தை எழுதித் தலையணையின் கீழ் வைப்பது, இப்படி இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தின இரவு யார் யாருக்கு என்று வெளியாகும். பேசாமல் இருந்த இருவருக்குள் அந்தச் சீட்டு விழுந்தால், அது கர்த்தரின் செயல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் ஒரே பிற்பகலில் ஆட முடியாது. இரண்டை மட்டும் தெரிந்தெடுங்கள். மூன்று மணிக்கு டி.வி.யை நிறுத்துங்கள். பாயை விரியுங்கள். யாருக்குக் கடினமோ அவரை நடுவில் உட்கார வையுங்கள். ஜெயித்தவர் யார் என்பது அடுத்த வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. கூட யார் இருந்தார்கள் என்பது நினைவிருக்கும். கோலூன்றிய முதியவரும் விளையாடும் பிள்ளைகளும் ஒரே வீதியில் இருப்பதைத் தம் ஜனத்துக்கு வாக்குப்பண்ணின தேவன், இந்தக் கிறிஸ்மஸ் நாளில் அந்தக் காட்சியை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் காணச் செய்வாராக. எங்கள் வார்டில் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளோடு அதே மூன்று மணிக்கு நாங்களும் நாற்காலி போட்டு ஆடிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் அவர்களுக்காக ஒரு சிறு ஜெபம் செய்துகொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.